குசினிக்கு ஒரு வெள்ளைக் கல்

எங்கள் குசினியின் பழைய சீமெந்துத் தட்டை உடைத்த அன்று மேசன் என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். நான் போகவில்லை. அவர் அலவாங்கை விட்டு நெம்பியதும் வெள்ளை ரைல்ஸ் நாலைந்து ஒன்றாகப் பெயர்ந்து விழுந்தன. பின்னாலிருந்து கரப்பான் பூச்சிகள் வந்தன. ஒன்றிரண்டு அல்ல. யாரோ சாக்கைக் கவிழ்த்துக் கொட்டியதுபோல வந்தன. மேசன் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டே நின்றார். எண்ணெயும் தேங்காய்ப்பூவும் பூச்சி முட்டையும் சேர்ந்து இறுகிய கறுப்புக் களி ஒன்று சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதன் மணத்தை என்னால் சொல்ல முடியாது.

பதினைந்து வருடமாக அந்தத் தட்டின் மேல்தான் மரக்கறி வெட்டியிருக்கிறேன். புட்டுக்கு மாக் குழைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் சவர்க்காரம் போட்டுத் துடைத்துவிட்டு, சுத்தமான குசினி என்று எனக்கு நானே மெச்சியும் இருக்கிறேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கரவெட்டியில் அம்மாவும் அப்பாவும் விட்டுப்போன வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர் வேலை. எனக்கிருப்பது ஒரே தங்கை. அவள் கல்யாணம் செய்து மெல்பேர்னில் இருக்கிறாள். வருடக் கடைசியில் குடும்பத்தோடு வருவதாகவும், அதற்குள் குசினியைத் திருத்தியே ஆகவேண்டும் என்றும் அவள்தான் ஒற்றைக் காலில் நின்றாள். போனமுறை வந்தபோது அவளுடைய மகள் எங்கள் குசினி வாசலில் நின்று, உள்ளே வரமாட்டேன் என்று அழுதிருந்தாள். அப்போது எனக்கு முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. ரைல்ஸுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்த பிறகு அந்தப் பிள்ளைக்கு மூக்கு நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

யாழ்ப்பாண நகரத்தில் கல் விற்கிற கடை ஒன்றுக்குப் போனேன். முதலாளி நாற்பது வயதுக்காரர். அந்த வெக்கையிலும் ரை கட்டியிருந்தார். கடை முழுக்க அவருடைய சென்ற் மணம். குசினித் தட்டுக்குக் கல் வேண்டும் என்றதும் ஒரு வெள்ளைப் பலகையின் மேல் கறுப்புச் சோடாவை ஊற்றி, கடதாசியால் துடைத்துக் காட்டினார். பலகை பளிச்சென்று இருந்தது.

“அக்கா, கிறனைட் எண்டது மண்ணுக்குள்ளை இருந்து தோண்டி எடுக்கிற கல்லு. அதிலை கண்ணுக்குத் தெரியாத ஓட்டையள் இருக்கு. எண்ணெய், மஞ்சள் எல்லாத்தையும் குடிச்சிடும். இது குவாட்ஸ். கல்லுத் தூளையும் பசையையும் சேர்த்து மெசினிலை அழுத்திச் செய்யிறது. ஒண்டையும் குடியாது. ஒரு பூச்சி புகுற ஓட்டை கிடையாது.”

பூச்சி என்ற சொல்லை அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. அந்த வெள்ளையைத் தடவிப் பார்த்தேன். குளிர்ச்சியாக, முகம் கழுவிய பிள்ளையின் கன்னம் மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. இதை மறைக்கக் கூடாது. தங்கைக்கு முன்பே எனக்குத்தான் அது பிடித்தது.

ஆனாலும் அலுவலகப் பழக்கம். சரிபார்க்காமல் ஒன்றிலும் கையொப்பம் வைப்பதில்லை. உள்ளங்கையளவு துண்டுகள் மூன்று கேட்டு வாங்கி வந்தேன். ஒன்று கறுப்புக் கிறனைட். மற்றது மங்கல் சாம்பல் நிறக் கிறனைட். மூன்றாவது வெள்ளைக் குவாட்ஸ். மூன்றிலும் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசி, பீற்றூட் தோலைத் தேய்த்து ஒரு பகல் முழுக்க விட்டேன். சாம்பல் கல் எண்ணெயைக் குடித்து, வேர்த்த சட்டை மாதிரி திட்டுத் திட்டாகக் கறுத்தது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது. கறுப்புக் கல்லில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையில் மெல்லிய மஞ்சள் ஒன்று நின்று, தேய்த்தபோது போய்விட்டது. பிறகு அடுப்பிலிருந்து இறக்கிய தாச்சியை ஒவ்வொன்றின் மேலும் வைத்தேன். கிறனைட் இரண்டும் சும்மா கிடந்தன. வெள்ளைத் துண்டிலிருந்து உருகிய பிளாஸ்ரிக் மணம் வந்தது. தாச்சியை எடுத்தபோது தவிட்டு நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. அது போகவேயில்லை.

அதைக் கடையின் விலாச அட்டையோடு சேர்த்துத் தங்கைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

“அக்கா, சுடுசட்டியை ஆர் கல்லுக்கு மேலை நேரை வைக்கிறது? கீழை ஒரு பலகை வையுங்கோவன். எனக்கு வெள்ளைக் குவாட்ஸ்தான் வேணும். இங்கை இனி அது போடேலாது. தடை செய்திட்டாங்கள்.”

“தடையோ? ஏன்?”

“ஏதோ தூசுப் பிரச்சினையாம். அது வெட்டுறாக்களுக்குத்தான் அக்கா. பாவிக்கிற எங்களுக்கு ஒண்டுமில்லை. எங்கடை ஊரிலையாவது ஆசைக்குப் போடுவம்.”

சரி என்றேன். அவள் சொன்னது அந்த நேரம் என் காதில் ஏறவில்லை. வெட்டுகிறவர்கள் என்று யாரும் என் மனக்கண்ணில் வரவில்லை. கல் தானாக வெட்டுப்பட்டு வரும் என்பதுபோல இருந்தேன். அடுத்த கிழமை முதலாளி, பலகையை வந்து பார்த்து ஓம் சொல்லிவிட்டுப் போகும்படி வெட்டுகிற வளவுக்கு வரச் சொன்னார்.

வளவு நகரத்துக்கு வெளியே வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. தகரக் கொட்டகை. வேலியோரத்து வாழைகள் அடியிலிருந்து குருத்து வரைக்கும் வெள்ளையாக நின்றன. வாசலில் படுத்திருந்த நாயும் வெள்ளை. அது எழும்பி உதறியபோதுதான் உள்ளே தவிட்டு நிறம் இருப்பது தெரிந்தது. கொட்டகைக்குள் புகை மாதிரித் தூசு. அந்தப் புகைக்குள் ஒரு மனிதர் குந்தியிருந்து கைக் கிறைண்டரால் கல் வெட்டிக்கொண்டிருந்தார். தலையில் ஒரு துவாய் சுற்றியிருந்தார். மூக்கும் வாயும் சும்மா திறந்து கிடந்தன. கண் மயிர், காது மயிர் எல்லாம் வெள்ளை. கிழவர் என்றுதான் நினைத்தேன். கிறைண்டரை நிப்பாட்டி முகத்தைத் துடைத்தபோது முப்பத்தைந்து வயதுகூட இராது என்று தெரிந்தது.

அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கப்போய் இருமத் தொடங்கினார். அது தடிமன் பிடித்த சளி இருமல் இல்லை. காய்ந்த ஓலையை இழுக்கிற மாதிரிச் சத்தம். இருமி இருமிக் குனிந்து, பக்கத்தில் இருந்த பால்மா ரின்னுக்குள் துப்பினார். நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டேன். சீமெந்து குழைத்ததுபோலச் சாம்பல் நிறத்தில் இருந்தது.

“மாஸ்க் ஒண்டும் குடுக்கிறேல்லையோ?” என்று முதலாளியைக் கேட்டேன்.

“குடுத்தாலும் போடாங்கள் அக்கா. உவன் பழகிட்டான். ஏழு வருசமா நிக்கிறான்.”

அந்த மனிதர் அதைக் கேட்டும் கேளாதவர்போலத் தேத்தண்ணி ஊற்றக் கொட்டகைக்குப் பின்னால் போனார். எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்தார். எந்த இடம் என்று கேட்டேன். மயிலிட்டிப் பக்கம் என்றார்.

“அப்பான்ரை ஆக்கள் எல்லாம் கடல்தான் அக்கா. எனக்குக் கடலுக்குப் போனா தலை சுத்தி, வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும். அதுதான் கல்லுக்கு வந்தனான்.” அதைச் சொல்லி அவரே சிரித்தார்.

கோப்பையைக் குனிந்து பார்த்தேன். மேலே ஆடை கட்டியிருந்தது. பாலாடை என்று நினைத்தேன். பிறகுதான் அது பால் விடாத வெறும் தேத்தண்ணி என்பது உறைத்தது. அவர் தன் கோப்பையின் மேல் மெதுவாக ஊதி, அந்த ஆடையை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுக் குடித்தார். நாங்கள் சூடு ஆற ஊதுவதுபோல, அவ்வளவு பழக்கமாகச் செய்தார்.  அவர் திரும்பிய நேரம் பார்த்து என் கோப்பையை வாழையடியில் ஊற்றிவிட்டேன். ஒரு மனிதர் அன்பாகத் தந்த தேத்தண்ணியை அப்படி ஊற்றியது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. ஆனால் என்னால் குடித்திருக்கவே முடியாது.

அன்று பின்னேரம் தங்கையின் கணவரோடு கதைத்தேன். அவர் அங்கே வீடு கட்டுகிற வேலையில் இருக்கிறார். தூசு என்றால் என்ன தூசு என்று கேட்டேன். 

“மச்சாள், அது மற்றத் தூசு மாதிரி இல்லை. நெஞ்சுக்குள்ளை போனா திரும்பி வராது. சுவாசப்பை கொஞ்சம் கொஞ்சமாக் கட்டியாகிடும். மருந்தில்லை. என்னோடை வேலை செய்த வியட்நாம்காரன் ஒருத்தன் இப்ப வீட்டிலை ஒட்சிசன் போத்திலோடை இருக்கிறான். என்னிலும் இளையவன்.”

“கிறனைட்டிலை இல்லையோ உது?”

“அதிலையும் இருக்கு. ஆனா குவாட்ஸிலை கனமடங்கு கூட. எது எண்டாலும் தூசு எழும்பாமல் தண்ணி விட்டு வெட்டவேணும். இதெல்லாம் உங்கடை தங்கச்சிக்கும் தெரியும்.”

கடைசி வசனம்தான் என்னைக் குத்தியது. தெரிந்துகொண்டுதான் அவள் ‘வெட்டுறாக்களுக்குத்தான்’ என்றிருக்கிறாள். கரப்பான் பூச்சியை நினைத்தபோது வந்த அதே குமட்டல், என் சொந்தத் தங்கையை நினைக்க வந்தது. அவள் கெட்டவள் அல்ல. சின்னனில் காகம் கொத்திய அணில் குஞ்சுக்காக இரண்டு நாள் அழுதவள். அவளுக்கு இப்போது கண்ணில் படாததெல்லாம் இல்லாததாகிவிட்டது.

அடுத்த நாள் கடைக்காரருக்கு அழைத்து, வெள்ளை வேண்டாம், கறுப்புக் கிறனைட் போதும், அதையும் தண்ணீர் விட்டு வெட்டவேண்டும் என்றேன். “உங்கடை விருப்பம் அக்கா” என்றார். தங்கைக்கும் சொன்னேன். அவள் வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டாள். ‘நாங்கள் வேண்டாட்டி அவன் வேற ஆருக்கும் வெட்டத்தான் போறான்.’  அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. விட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒருநாள் வேலை முடிந்து வருகிறேன். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அந்தச் சத்தம் கேட்டது. பல்லைக் கூசவைக்கும் கீச்சிடல். எங்கள் வீட்டுக் குசினி யன்னலால் வெள்ளைப் புகை போய்க்கொண்டிருந்தது. தீப்பிடித்துவிட்டது என்று ஓடினேன். மேசனுக்காகத் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். கடையிலிருந்து வந்தவர்கள் அதை வாங்கித் திறந்திருக்கிறார்கள்.

குசினிக்குள், தட்டுக்குக் கீழே செய்து வைத்த அலுமாரிகளின் மேல் வெள்ளைக் குவாட்ஸ் பலகை ஏறியிருந்தது. அதன் மேல் குந்தியிருந்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓட்டை வெட்டிக்கொண்டிருந்தார் அதே மயிலிட்டி மனிதர். கதவுகள் சாத்தியிருந்தன. சமைக்கிற சாமான் எல்லாவற்றையும் குசினி மூலையில் ஒரு மேசையில் அடுக்கியிருந்தேன். எல்லாம் வெள்ளை. அரிசி ரின்னின் மூடி சரியாகப் போடப்படவில்லை. உள்ளே அரிசி எது, தூசு எது என்று தெரியவில்லை. துணி கட்டி வைத்த தேசிக்காய் ஊறுகாய்ப் போத்திலின் துணி, மாவில் தோய்த்ததுபோல இருந்தது. மிளகாய்த்தூள் போத்தில், சாமிப்படம், அம்மாவின் படம், எல்லாம்.

இதைச் சொல்லத்தான் வேண்டும். நான் முதலில் பார்த்தது அரிசியை. அதற்குப் பிறகுதான் அவரைப் பார்த்தேன். அந்த வரிசையை நினைக்க என்மீதே எனக்கு அருவருப்பு வருகிறது.

சுவரடிக்குப் போய் மெயின் சுவிச்சை இழுத்து விட்டேன். கிறைண்டர் முனகி நின்றது. புகைக்குள்ளிருந்து அவர் இறங்கி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

“ஆர் தம்பி உங்களை வரச் சொன்னது?”

“முதலாளிதான் அக்கா. வெளிநாட்டிலை இருந்து உங்கடை தங்கச்சி கதைச்சவவாம். வெள்ளையே போடச் சொன்னவவாம்.” அவருக்கு என் முகத்தைப் பார்க்க என்னவோ போலிருந்தது. “நீங்களும் ஓமெண்டு சொன்னதா நினைச்சன்.”

“வெட்டவேண்டாம்.”

“ஒரு ஓட்டைதான் அக்கா. பாதி வெட்டியாச்சு. பத்து நிமிசம்.”

“தண்ணி விட்டு வெட்டேலாதோ?”

“இந்தக் கிறைண்டருக்குத் தண்ணி பட்டா கறன்ற் அடிக்கும். போன வருசம் ஒருத்தனுக்கு அடிச்சது.”

நான் தங்கையைக் கூப்பிட்டேன். கை முழுக்கத் தூசு என்பதால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அவர் பக்கத்தில் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியாது.

“அக்கா, கோவிக்காதேங்கோ. போட்டு முடிஞ்சாப் பிறகு பாத்தா உங்களுக்கே பிடிக்கும் எண்டுதான்…”

“இங்கை அந்தத் தம்பி மூச்சு விடேலாமல் நிக்கிறார்.”

“அந்தாளுக்கு ஒரு மாஸ்க்கைக் குடுத்திட்டு வெட்டச் சொல்லுங்கோவன். ஒரு ஓட்டைதானே. ஒரு ஆளுக்காக இப்பிடிக் குழப்புவியளோ?”

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்த மனிதர் காற்பெருவிரலால் தூசில் கோடு ஒன்று கீறிக்கொண்டு நின்றார். கோபமோ கவலையோ அவர் முகத்தில் இல்லை. தன்னைப் பற்றி இப்படிக் கதைப்பது புதிதல்ல என்பதுபோல நின்றார். நான் அழுதுவிட்டேன். அவர்தான், “விடுங்கோ அக்கா” என்றார்.

அவரும் வெளியே நின்ற வாகன ஓட்டுநரும் நான் கூப்பிட்டு வந்த மேசனும் சேர்ந்து பலகையை இறக்கி, பின் வளவில் கிணற்றுக்கு அப்பால் மதிலோடு சாத்தினார்கள். முதலாளி போனில் சத்தம் போட்டார். பாதி வெட்டிய கல்லைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்றார். எடுக்கவேண்டாம் என்றேன். மயிலிட்டித் தம்பியை மட்டும் கொஞ்சம் மறித்து, நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். தங்கையின் கணவர் சொன்னதை அப்படியே சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். போகும்போது கிணற்றடியில் முகம் கழுவினார். தண்ணீர் வாய்க்காலில் பால் ஊற்றியதுபோல ஓடியது.

குசினியைக் கழுவ நாலு நாள் சென்றது. துடைக்கத் துடைக்க வெள்ளை வந்தது. அரிசி, மா, தூள், ஊறுகாய் எல்லாவற்றையும் கிடங்கு வெட்டித் தாட்டேன். மாடு கோழி ஏதும் தின்றுவிடக் கூடாது என்று மேலே கல் வைத்தேன். மூக்கைச் சீறும்போதெல்லாம் கைலேஞ்சியைப் பார்த்தேன். நாலு நாள் தூசுக்கே நான் இந்தப் பாடு பட்டேன்.

பிறகு சுன்னாகம் பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டே வெட்டுகிற பெரிய மெசின் வைத்திருக்கும் வேறொரு இடம் இருப்பதாக மேசன் விசாரித்துச் சொன்னார். போய் நின்று பார்த்தேன். கீழே சேறு ஓடியது, மேலே புகை இல்லை. தொட்டி ஓட்டையையும் அங்கேயே வெட்டி, வீட்டில் பொருத்த மட்டும் வந்தார்கள். கறுப்புக் கிறனைட். அதன் மேல் உப்புத்தூளும் தேங்காய்ப்பாலும் பட்டால் பளிச்சென்று தெரிகிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் துடைக்கவேண்டியிருக்கிறது.

தங்கை வந்தாள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் கிணற்றடிக்குப் போனவள், சாத்தியிருந்த வெள்ளைப் பலகையைத் தடவி, “எவ்வளவு வடிவான கல்லு. அநியாயம்” என்றாள்.

“ஓம், அநியாயம்தான்” என்றேன்.  அவளுடைய மகள் குசினிக்குள் வந்து கறுப்புத் தட்டில் ஏறியிருந்து மாம்பழம் தின்றாள். நாங்கள் இப்போதும் கதைக்கிறோம். ஆனால் அவள் போனில் சிரிக்கும்போது, அன்று மேசையில் வைத்த போனுக்குள்ளிருந்து கேட்ட அந்தக் குரலும் சேர்ந்து கேட்கிறது.

அவர்கள் திரும்பிப்போய் ஒரு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை மோட்டார் சைக்கிள் ஒன்று படலையடியில் நின்றது. மயிலிட்டித் தம்பி. நன்றாக மெலிந்திருந்தார். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் அளவெடுக்க வந்தவராம்.

“பெரியாஸ்பத்திரிக்குப் போனனான் அக்கா. நெஞ்சிலை படம் எடுத்தவை. இந்த வேலையை உடனை விடச் சொல்லிச் சொன்னவை.”

“விட்டாச்சுத்தானே?”

“விடத்தான் வேணும். கையிலை ரெண்டு ஓடர் கிடக்கு. அது முடிய மயிலிட்டித் துறையிலை மீனுக்கு ஐஸ் உடைக்கப் போகலாமெண்டு இருக்கிறன். கரையிலை நிண்டு செய்யிற வேலைதானே, தலை சுத்தாது.”

தேத்தண்ணி கொடுத்தேன். கிணற்றடியில் நின்று குடித்தார். இடையில் இரண்டு தரம் மூச்சு வாங்கினார். குடித்து முடித்து மதிலோடு சாத்தியிருந்த பலகையைப் பார்த்தார். கிட்டப் போய், தான் பாதியில் விட்ட வெட்டை விரலால் தடவினார்.

“நல்ல சாமான் அக்கா. ஏன் இப்பிடி மழையிலை போட்டு வைச்சிருக்கிறியள்? சொல்லுங்கோ, ஒரு பின்னேரம் வந்து ரெண்டா வெட்டி உங்களுக்கு வடிவான மேசை ஒண்டு செய்து தாறன். நீங்கள் ஒண்டும் தரவேண்டாம்.”

 அவர் உண்மையாகவே கேட்டார். எனக்கு நல்லது செய்ய நினைத்துத்தான் கேட்டார்.

“வேண்டாம் தம்பி,” என்றேன். “அது கிடக்கட்டும்.”

“சரி அக்கா,” என்று கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அளவெடுக்கிற நாடாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.